லேசர் டிஸ்க் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியைப் பார்க்கிறவர்கள் முதலில் அதெல்லாம் இசைத்தட்டு என்றுதான் நினைப்பார்கள். ஒன்றை உறையிலிருந்து உருவிக் காட்டினால் கறுப்புக்குப் பதிலாக வெள்ளியும், அதன் மேல் வானவில்லும் தெரியும். உடனே கேள்விகள் ஆரம்பமாகிவிடும். இத்தனை வருடங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

லேசர் டிஸ்க் என்றால் என்ன?

வீட்டில் சினிமா பார்ப்பதற்காகக் கடைக்கு வந்த முதல் ஒளித்தட்டு. 30 சென்டிமீட்டர் விட்டம், அதாவது எல்பி இசைத்தட்டின் அளவு. ஹாலிவுட்டின் எம்சிஏ நிறுவனமும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி, 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் விற்பனைக்கு விட்டார்கள். அப்போது தட்டுகளின் பெயர் டிஸ்கோவிஷன். லேசர் டிஸ்க் என்பது பின்னால் இதைத் தூக்கி வளர்த்த ஜப்பானின் பயனியர் நிறுவனம் பயன்படுத்திய வணிகப் பெயர், அதுவே நிலைத்துவிட்டது. ஆடியோ சிடி வந்தது 1982இல்தான். அந்தக் கணக்கில் இது சிடிக்கு நான்கு வயது மூத்தது.

அப்படியென்றால் இது பெரிய சைஸ் டிவிடிதானே?

வெளியே பார்த்தால் அப்படித்தான் தோன்றும், உள்ளே விஷயம் வேறு. டிவிடியில் படம் எண்களாக இருக்கிறது. இடத்தைச் சேமிப்பதற்காகச் சுருக்கி வைத்த எண்கள். லேசர் டிஸ்க்கில் படம் அனலாக். ஊசி முனையைவிடப் பல மடங்கு சிறிய குழிகள்தான் இதிலும் இருக்கின்றன. ஆனால் அந்தக் குழிகளின் நீளமும் இடைவெளியும் வீடியோ சிக்னலின் ஏற்ற இறக்கத்தோடு தொடர்ச்சியாக மாறிக்கொண்டே போகின்றன. லேசர் ஒளி பட்டுத் திரும்பும்போது அந்த மாற்றமே மறுபடி சிக்னல் ஆகிறது. சுருக்குவதும் இல்லை, விரிப்பதும் இல்லை. அதனால் படம் கெட்டாலும் கட்டம் கட்டமாக உடையாது. வானொலியில் ஸ்டேஷன் விலகும்போது இரைச்சல் கலப்பது போல லேசாகப் புள்ளிகள் கலக்கும், அவ்வளவுதான்.

தெளிவு எப்படி என்று கேட்டால், விஎச்எஸ் கேசட் கிடைமட்டமாகச் சுமார் 240 கோடுகளைக் காட்டும், லேசர் டிஸ்க் சுமார் 425. கேசட் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தாவல் என்பதை இன்று விளக்குவது கஷ்டம்.

இவ்வளவு நன்றாக இருந்ததென்றால் ஏன் நின்றுபோனது?

பதிவு செய்ய முடியாது என்பதே முதல் காரணம். கேசட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்துகொள்ளலாம், இதில் முடியாது. விலையும் அதிகம். படத்தின் நடுவில் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். ஜப்பானில் மட்டும் நன்றாக வேர் பிடித்தது. 1990களின் கடைசியில் அங்கே ஏறத்தாழ பத்தில் ஒரு வீட்டில் பிளேயர் இருந்தது. அமெரிக்காவில் நூற்றுக்கு இரண்டு வீடு. 1996, 1997இல் டிவிடி வந்ததும் கதை முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் 2000இலும் ஜப்பானில் 2001இலும் புதுப்படங்கள் வருவது நின்றது. பிளேயர் தயாரிப்பை நிறுத்துவதாகப் பயனியர் 2009 ஜனவரியில் அறிவித்தது.

இன்றைக்கு எதற்காக இதைச் சேகரிக்க வேண்டும்?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. ஏக்கம், சின்ன வயது ஞாபகம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் என் காரணம் அது இல்லை.

ஒரு படம் ஒரு தடவை எடுத்து முடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. பின்னால் வண்ணம் மாற்றுகிறார்கள், ஒலியைப் புதிதாகக் கலக்கிறார்கள், ஒரு காட்சியை நீக்குகிறார்கள், கணினியில் எதையோ சேர்க்கிறார்கள். புது வடிவம் வந்ததும் பழைய வடிவத்தைக் கடையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். தட்டில் அழுத்தப்பட்ட படத்தை அப்படி யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. 1993இல் வந்த தட்டில் 1993இல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் மூன்று படங்கள். 1997இல் அவை மாற்றங்களோடு மறுபடி வெளிவந்தன. திரையரங்கில் முதலில் ஓடிய வடிவத்தைத் தேடியவர்களுக்கு 1993இன் லேசர் டிஸ்க் பெட்டிதான் கதி. 2006இல் அந்தப் பழைய வடிவத்தை டிவிடியில் கூடுதல் தட்டாகச் சேர்த்தபோது, அதற்குப் பயன்படுத்தியதும் அந்த லேசர் டிஸ்க்குக்காகச் செய்த மாஸ்டரைத்தான்.

அப்புறம், இயக்குநரோ ஆய்வாளரோ படம் ஓடும்போதே பேசும் கமெண்டரி. இன்று அது சாதாரணம். அது பிறந்தது இந்தத் தட்டில். 1984இல் கிரைட்டீரியன் நிறுவனம் 1933ஆம் ஆண்டின் ‘கிங் காங்’ படத்தை வெளியிட்டபோது, காலியாக இருந்த ஒரு ஒலித்தடத்தில் திரைப்பட வரலாற்றாளர் ரொனால்ட் ஹேவர் பேசிக்கொண்டே வருவார். அப்படித் தொடங்கியது. அந்தக் காலத்துக் கமெண்டரிகளில் பல, உரிமைச் சிக்கலால் பிற்பாடு வேறு எதிலும் வரவில்லை. தட்டு ஓடினால்தான் அந்தக் குரல் கேட்கும்.

உறையையும் சொல்ல வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி அட்டையில் அச்சான போஸ்டரைக் கையில் பிடித்துப் பாருங்கள். இரண்டாக விரியும் உறைகளில் உள்ளே முழுப்பக்கக் கட்டுரைகளும் புகைப்படங்களும் இருக்கும். ஜப்பானியப் பதிப்புகளில் இடது ஓரத்தில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். அதற்கு ஓபி என்று பெயர். அது கிழியாமல் இருப்பதைச் சேகரிப்பவர்கள் பெரிதாக மதிப்பார்கள். எனக்கும் பிடிக்கும், ஆனால் ஓபிக்காக மட்டும் ஒரு தட்டை வாங்கியதில்லை.

சிஏவி, சிஎல்வி என்று உறையில் போட்டிருக்கிறதே, அது என்ன?

தட்டு சுழலும் முறை. சிஏவி தட்டு எப்போதும் ஒரே வேகத்தில், அமெரிக்க, ஜப்பானியத் தட்டென்றால் நிமிடத்துக்கு 1800 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு ஒரு ஃபிரேம். பக்கத்துக்கு 30 நிமிடம், 54,000 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எண் உண்டு. ரிமோட்டில் எண்ணைத் தட்டினால் அந்தப் படத்தில் போய் அசையாமல் நிற்கும். நிற்பதற்குத் தனி மெமரி எதுவும் தேவையில்லை, லேசர் அதே வட்டத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்கும். இந்த வசதியை வைத்து 1983இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரே தட்டில் அடக்கினார்கள்.

சிஎல்வி தட்டில் லேசர் படிக்கும் வேகம்தான் மாறாது. சுழற்சி உள்ளே 1800இல் தொடங்கி வெளி விளிம்புக்கு வரும்போது 600 வரை குறையும். பக்கத்துக்கு 60 நிமிடம் கிடைக்கும். பெரும்பாலான படங்கள் இப்படித்தான் வந்தன.

உறையைப் பார்க்காமலே எது எது என்று கண்டுபிடிக்கலாம். தட்டை விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சிஏவி என்றால் நடுவிலிருந்து விளிம்பு வரை, எதிரெதிராக இரண்டு மெல்லிய ஆரக்கால் போன்ற கோடுகள் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமிலும் படம் இல்லாத இடைவெளி இரண்டு உண்டு. ஒரு சுற்றுக்கு ஒரு ஃபிரேம் என்பதால் அவை எல்லாச் சுற்றிலும் ஒரே இடத்தில் வந்து அடுக்கி, கண்ணுக்கே தெரிகிற கோடாகிவிடுகின்றன. டிவி சிக்னலின் உருவத்தைக் கையில் பிடித்துப் பார்க்க முடிகிற வேறு பொருள் எனக்குத் தெரிந்து வீட்டில் எதுவும் இல்லை. முதல் தடவை அதைக் கவனித்த நாளன்று இருந்த சிஏவி தட்டுகள் அத்தனையையும் வெளியே எடுத்துப் பார்த்தேன்.

இன்னொரு கணக்கு: 30 சென்டிமீட்டர் தட்டு நிமிடத்துக்கு 1800 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுழற்சி முழுதாக நிற்பதற்கு முன் மூடியையோ தட்டையோ தொடாதீர்கள்.

முதலில் தட்டு வாங்குவதா, பிளேயர் வாங்குவதா?

பிளேயர். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தட்டுகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. புதிய பிளேயர் இனி ஒன்றுகூட வராது. ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் தட்டுகளைக் குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடாத தட்டு வெறும் படம் போட்ட அட்டைதான்.

1990களில் வந்த பயனியரின் சிஎல்டி வரிசை தொடங்குபவர்களுக்கு நல்லது. பல மாடல்கள் சிடியும் ஓட்டும். இரண்டு பக்கத்தையும் தானே படிக்கும் மாடலாகப் பாருங்கள். முதல் பக்கம் முடிந்ததும் லேசர் பகுதி வளைந்து மேலே ஏறித் தட்டின் மறுபக்கத்துக்குப் போகும். திரை சில வினாடி வெறுமையாக இருக்கும், உள்ளே மோட்டார் சத்தம் மட்டும் கேட்கும். ஆரம்ப காலப் பிளேயர்களில் இருந்தது ஹீலியம்-நியான் வாயு லேசர் குழாய். அவை அருமையான பொருள்கள்தான், ஆனால் முதல் பிளேயராக வேண்டாம். குழாய் போனால் அதோடு போயிற்று.

பழைய பிளேயர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தட்டை உள்ளே வாங்கிப் படம் காட்டும்வரை ஓட்டிப் பாருங்கள். ‘மின்சாரம் வருகிறது, விளக்கு எரிகிறது’ என்பது ஒன்றுக்கும் உதவாது. ஒரு பக்கத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பாருங்கள். உள்ளே நன்றாக இருந்து விளிம்புப் பக்கம் வரும்போது படம் அலைந்தால், தட்டுக்கு ஏற்ப லேசர் சாயும் ஏற்பாட்டில் கோளாறு இருக்கலாம். தட்டு வளைந்திருந்தாலும் அப்படி ஆகும், எனவே இன்னொரு தட்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அனுப்பும் விதம். இவை கனமான பெட்டிகள். உள்ளே தட்டு எதுவும் இருக்கக் கூடாது. சில மாடல்களில் லேசர் பகுதியை அசையாமல் பூட்டும் திருகு உண்டு. அதைப் போட்டுத்தான் கட்ட வேண்டும், வந்ததும் மறக்காமல் கழற்ற வேண்டும்.

என்னிடம் இப்போது இருக்கும் பிளேயர் வந்த அன்று தட்டு வைக்கும் டிரே வெளியே வரவில்லை. உள்ளே மோட்டார் முனகுகிறது, டிரே அசையவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் இளகி, கப்பியோடு ஒட்டிப் போயிருந்தது. விரலில் தார் மாதிரி அப்பியது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் தொட்டுக் கப்பியின் பள்ளத்தைச் சுத்தம் செய்யவே ஒரு மாலைப் பொழுது ஆனது. புது பெல்ட் போட்டு, கெட்டியாகிப்போன கிரீஸைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். டிரே ஒரே சீராக வெளியே வந்து நின்றது. பழைய பிளேயர்களில் ‘ரிப்பேர்’ என்று ஒதுக்கப்படுபவற்றில் நிறைய இந்த ரகம்தான், லேசர் நன்றாகவே இருக்கும்.

இன்றைய பெரிய டிவியில் பார்த்தால் நன்றாக இருக்குமா?

அப்படியே செருகினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். இந்தச் சிக்னல் பழைய படக்குழாய் டிவிக்காகச் செய்யப்பட்டது. இடம் இருந்தால் ஒரு நல்ல குழாய் டிவியை வைத்துக்கொள்ளுங்கள்; லேசர் டிஸ்க் அதில்தான் மலரும். இல்லையென்றால் பழைய சிக்னலை ஒழுங்காக உயர்த்தித் தரும் நல்ல கன்வெர்ட்டர் ஒன்று தேவை. மிக மலிவான கன்வெர்ட்டர்கள் அசைவை அரைகுறையாகக் கையாண்டு, ஓரங்களைச் சீப்புப் பல் மாதிரி ஆக்கிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். பிளேயரில் டிவிக்குப் படம் அனுப்பும் எஸ்-வீடியோ, காம்போசிட் என்ற முனைகள் இரண்டும் இருந்தால் எஸ்-வீடியோதான் உயர்வு என்று எல்லோரும் அதையே எடுப்பார்கள். ஆனால் தட்டில் பதிந்திருப்பதே காம்போசிட் சிக்னல், அதாவது வெளிச்சமும் வண்ணமும் ஒன்றாகக் கலந்தது. இரண்டையும் எங்கேயோ ஒரு இடத்தில் பிரித்தாக வேண்டும். எஸ்-வீடியோவில் அதைச் செய்வது பிளேயரின் பழைய சர்க்யூட்; காம்போசிட்டில் டிவியோ கன்வெர்ட்டரோ செய்கிறது. எது நன்றாகப் பிரிக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். பல நேரம் காம்போசிட்டின் மஞ்சள் கம்பிதான் ஜெயிக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி மெல்லிய கோடுகள் உள்ள சட்டை வரும் காட்சியைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ஒலி எப்படி?

மிக நன்றாக இருக்கும். 1980களின் நடுவிலிருந்து சிடி தரத்திலான, சுருக்கப்படாத டிஜிட்டல் ஸ்டீரியோ இதில் உண்டு. 1995இல் ஆறு தடங்கள் கொண்ட டால்பி டிஜிட்டல் ஒலி வந்தது. அதற்கு இடம் இல்லாததால் அனலாக் ஒலியின் வலது தடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அந்தத் தட்டை அனலாக் ஒலி மட்டும் தெரிந்த பழைய பிளேயரில் போட்டால் வலது பக்கம் வெறும் இரைச்சலாக வரும். தட்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த ஆறு தட ஒலி வேண்டுமென்றால் பிளேயரில் ஏசி-3 என்று தனி முனையும், அதைப் புரிந்துகொள்ளும் டிமாடுலேட்டர் என்ற பெட்டியும் வேண்டும். ஆரம்பத்தில் அதற்காக அலைய வேண்டியதில்லை.

லேசர் ராட், அதாவது தட்டு அழுகுவது என்கிறார்களே? பக்கத்துத் தட்டுக்குத் தொற்றுமா?

தொற்றாது. இது பூஞ்சை இல்லை, அலுமினியம் அரிப்பது. ஒரு லேசர் டிஸ்க் என்பது உண்மையில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு தட்டுகள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக்குக்குள் மெல்லிய அலுமினியப் படலம் இருக்கும். பசை சரியில்லை என்றாலோ ஒட்டு சரியாக மூடவில்லை என்றாலோ அந்தப் படலம் மெல்ல மெல்ல மங்கும். எந்த ஆலையில், எந்தக் காலத்தில் அழுத்தியது என்பதைப் பொறுத்தது அது. ஒரே படத்தின் ஒரு பதிப்பு முற்றிலும் போயிருக்கும், இன்னொன்று பளிச்சென்று இருக்கும்.

கண்ணால் தட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். இருண்ட காட்சியில், அல்லது ஒரே நிறமாக வானம் தெரியும் காட்சியில், வண்ண வண்ணப் பொடிப் புள்ளிகள் மினுக்கினால் ராட் தொடங்கியிருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் கெட்டிருக்கலாம். லேசான புள்ளிகள் உள்ள என் தட்டுகளில் சில, வருடக்கணக்காக அப்படியே இருக்கின்றன. ஒன்று மட்டும் மோசமாகிக்கொண்டே வந்து இப்போது ஒலியும் கரகரக்கிறது. அதில் இருக்கும் நேர்காணல் எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. முன்பே நகலெடுத்து வைத்திருக்க வேண்டும்.

எப்படிப் பாதுகாப்பது?

நிமிர்த்தி வையுங்கள், சாயாமல். படுக்க வைத்து அடுக்கினால் வளையும். வெயிலும் ஈரமும் ஆகாது. நூறு தட்டு உறையோடு சேர்ந்தால் சுமார் முப்பது கிலோ வரும், அலமாரிப் பலகை தாங்குமா என்று பாருங்கள்.

எடுக்கும்போது கட்டைவிரல் விளிம்பில், நடுவிரல் மையத் துளையில். துடைப்பதற்கு மிருதுவான மைக்ரோஃபைபர் துணியும் காய்ச்சி வடித்த நீரும் போதும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். தட்டு அக்ரிலிக் பிளாஸ்டிக். ஆல்கஹாலும் கண்ணாடி துடைக்கும் திரவங்களும் அதில் மயிரிழை விரிசல் உண்டாக்கலாம்.

ஜப்பானியத் தட்டு அமெரிக்கப் பிளேயரில் ஓடுமா?

ஓடும். டிவிடி போலப் பிராந்தியப் பூட்டு இதில் கிடையாது. தொலைக்காட்சி சிக்னல் நாட்டுக்கு நாடு வேறு; தட்டு என்டிஎஸ்சி முறையா, ‘பால்’ முறையா என்பது ஒன்றே கேள்வி. ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி. ஐரோப்பியத் தட்டுகளுக்கு இரண்டையும் ஓட்டும் பிளேயர் வேண்டும்.

சிஇடி என்று ஒன்று பார்த்தேன். அதுவும் லேசர் டிஸ்க்கா?

இல்லை. ஆர்சிஏ நிறுவனம் 1981இல் கொண்டுவந்த அதில் லேசரே கிடையாது, ஊசிதான் படிக்கும். தட்டைக் கையால் தொடவே கூடாது என்பதால் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கும். அது தனி உலகம்.

கணினியில் நகலெடுத்து வைக்கலாமா?

வைக்க வேண்டும், குறிப்பாக வேறு எங்கும் கிடைக்காத தட்டுகளை. உரிமை பற்றிய சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நம்மை விழிக்க வைத்தது பிபிசியின் டூம்ஸ்டே திட்டம். இங்கிலாந்தில் 1086இல் எடுத்த ‘டூம்ஸ்டே’ நிலக் கணக்கெடுப்பின் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதிய குறிப்புகளையும் படங்களையும் லேசர் டிஸ்க்குகளில் வெளியிட்டார்கள். அதற்கென்று தனிப் பிளேயர், தனிக் கணினி. பதினைந்து வருடம் போவதற்குள் அதைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. 900 வருடத்து ஏட்டை அப்போதும் படிக்க முடிந்தது.

அந்தத் தட்டுகளைக் காப்பாற்றக் கிளம்பிய ஆர்வலர்களிடமிருந்து ஒரு நல்ல முறை பிறந்தது. பிளேயர் தரும் படத்தைப் பதியாமல், லேசர் படித்துத் தரும் கச்சா சிக்னலை அப்படியே பிடித்துக் கணினியில் சேமிக்கிறார்கள். டூம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்று அந்தக் கருவிக்குப் பெயர். எல்டி-டிகோட் என்ற இலவச மென்பொருள் பிறகு அதைப் படமாக்குகிறது. பழைய சர்க்யூட்டின் குறைகள் அதில் ஏறுவதில்லை. அதைவிட அழகு, ஒரே படத்தின் பல தட்டுகளைப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், ஒரு தட்டில் புள்ளி விழுந்த இடத்தை இன்னொரு தட்டு நிரப்பிவிடும். ராட் பிடித்த தட்டுகளே இரண்டு மூன்று சேர்ந்து ஒரு நல்ல படத்தைத் தரும்.

சரி, எந்தத் தட்டில் தொடங்குவது?

உங்களுக்கு மனப்பாடமான ஒரு படம். எங்கே நிறம் மாறியிருக்கிறது, எந்தச் சத்தம் புதிதாகக் கேட்கிறது என்பது அப்போதுதான் தெரியும். முடிந்தால் அதன் சிஏவி பதிப்பைத் தேடுங்கள். பிடித்த காட்சி வரும்போது நிறுத்தி, ஃபிரேம் எண்ணைத் திரையில் வரவைத்து, ஒரு தாளில் குறித்து உறைக்குள் செருகி வையுங்கள். நான் வாங்கிய பழைய உறை ஒன்றில் முந்தைய சொந்தக்காரர் பென்சிலில் குறித்த அப்படியொரு சீட்டு இருந்தது, ஏழு எண்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஏழும் ஒரே நடிகையின் முகம்.